பாட்டனும் பெயரனும்

தமிழில் வழங்கும் உறவுப் பெயர்களுள் 'பேரன்' என்னும் சொல் தனிச் சுவை உடையது. 'பெயரன்' என்பதே நாளடைவில் 'பேரன்' என மருவிற்று. பாட்டனின் பெயரைத் தாங்குபவன் பெயரன். பாட்டியின் பெயரைத் தாங்குபவள் பெயர்த்தி. பெற்றோர் தம் பிள்ளைக்குப் பாட்டனின் பெயரை இடும் வழக்கம் தமிழகத்தில் மிகத் தொன்மையானது. தஞ்சையைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட சோழ மன்னரும் இதனை ஒத்த ஒரு முறையை மேற்கொண்டிருந்தனர். இராசகேசரி, பரகேசரி என்னும் இரு பட்டங்களை அவர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் புனைந்து வந்தனர். முதலாம் இராசராசன் இராசகேசரி. அவன் மகன் முதலாம் இராசேந்திரன் பரகேசரி. இராசேந்திரன் மகன் முதலாம் இராசாதிராசன் மீண்டும் இராசகேசரி. தந்தையின் பட்டம் மகனுக்கு வாராமல், பாட்டனின் பட்டமே பெயரனைத் தேடி வந்தது.

அரண்மனையில் பெருமைக்குரியதாய் விளங்கிய இம்முறை, குடிமக்கள் இல்லத்தில் நகைச்சுவைக்கும் இடம் தந்தது. மாமனாரின் பெயரை மருமகள் தன் வாயால் சொல்லுதல் ஆகாது என்பது முற்காலத்து மரபு. மாமனாரின் பெயர் சாமிநாதன் என்று வைத்துக்கொள்வோம். பெயரனுக்கும் அப்பெயரே. பிள்ளை குறும்பு செய்கிறான். தாய் அவனைக் கடிந்து அழைக்க வேண்டும். "அடே சாமிநாதா!" என்று அவள் எவ்வாறு கூவுவாள்? பெயருக்கு உரியவர் திண்ணையில் வெற்றிலை மென்றுகொண்டு அமர்ந்திருக்கிறாரே! ஆதலால் 'தம்பி' என்றோ 'ராசா' என்றோ ஒரு செல்லப் பெயரால் அவனை அழைப்பாள். செல்லப் பெயரைச் சொல்லித் தொடங்கிய வசவில் எவ்வளவு காரம் இருக்க முடியும்? பாட்டனின் பெயரைப் பெற்ற பிள்ளை, அப்பெயரின் புண்ணியத்தால் பாதி வசவுக்குத் தப்பிவிடுவான்.

எடுத்துக்காட்டுக்குச் சாமிநாதன் என்னும் பெயரைக் கொண்டதற்குக் காரணம் உண்டு. காவிரி பாயும் தஞ்சை நாட்டில் அப்பெயர் மிகுதியாக வழங்குகிறது. கும்பகோணத்திற்கு மேற்கே உள்ள சுவாமிமலையில் கோயில் கொண்டுள்ள முருகனின் பெயர் அது. ஊரின் பெயரில் மலை உண்டு. ஊரைச் சுற்றி இயற்கையான மலை ஒன்றும் இல்லை. எங்கு நோக்கினும் நெல்வயல்களும், வாழைத் தோட்டங்களும், வெற்றிலைக் கொடிக்கால்களுமே கண்ணுக்குப் புலனாகும். குறிஞ்சிக் கடவுளுக்குச் சமவெளியில் ஒரு குன்று வேண்டும் என்று எண்ணிய முன்னோர், கல்லால் ஒரு கட்டுமலையை எழுப்பினர். அதன் கீழ்த்தளத்தில் சுந்தரேசுவரரும் மீனாட்சியம்மையும் எழுந்தருளியுள்ளனர். மேல்தளத்தில் சுவாமிநாதன் நிற்கின்றான். அவன் முன்னிலையில் மயிலுக்கு மாறாக யானை நிற்பது இக்கோயிலின் மற்றொரு புதுமை. தந்தை கீழே, மகன் மேலே! முறை மாறியதன் காரணத்தை ஒரு புராணக் கதை கூறுகிறது.

பிரணவத்தின் பொருள் யாது என்று சிறுவனாகிய முருகன் படைப்புக் கடவுளாகிய நான்முகனை வினவினான். நான்முகன் விடையறியாது விழித்தான். முருகன் அவனைச் சிறையில் அடைத்துவிட்டான். நான்முகனை விடுவிக்க வந்த சிவபெருமான், "உனக்கு அப்பொருள் தெரியுமோ?" என்று மகனைக் கேட்டார். "தெரியும், ஆனால் கேட்கும் முறையில் கேட்டால் சொல்வேன்" என்றான் மகன். உலகுக்கெல்லாம் முதல்வர் மாணவனைப்போல் பணிந்து, வாய் பொத்திச் செவி சாய்த்து நின்றார். மகன் ஆசிரியனானான், தந்தைக்கும் சாமியானமையால் 'தகப்பன்சாமி' எனப் பெயர் பெற்றான். இன்றும் தமிழர் இல்லங்களில் வயதுக்கு மீறிப் பேசும் சிறுவனைப் பெரியோர், "வந்துவிட்டார் தகப்பன்சாமி!" என்று கேலி செய்வர். அக்கேலியில் பாதி கண்டிப்பு, மறுபாதி பெருமை.

தந்தையை மாணவனாக்கிய முருகன் பாட்டியையும் விட்டுவைக்கவில்லை. வழி நடந்து களைத்த ஔவைப் பாட்டி நாவல் மரத்தடியில் வந்து நின்றபோது, மரத்தின்மேல் இருந்த மாட்டுக்காரச் சிறுவன், "பாட்டி, சுட்ட பழம் வேண்டுமா, சுடாத பழம் வேண்டுமா?" என்று கேட்டான். பழத்தில் சூடேது என்று வியந்த பாட்டி, சுட்ட பழமே கேட்டாள். சிறுவன் கிளையை உலுக்கினான். மண்ணில் விழுந்த கனிகளை எடுத்துப் பாட்டி வாயால் ஊத, "பழம் மிகவும் சுடுகிறதோ, பாட்டி?" என்றான் அவன். தமிழ்ப் புலமையில் தன்னிகர் இல்லாத பாட்டி தோற்றாள். இக்கதையைச் சுவாமிமலைக்கு உரியதாகக் கூறுவதில்லை. பழமுதிர்சோலையோடு சார்த்தியே பெரும்பாலோர் கூறுவர். எனினும் இரண்டு கதைகளுக்கும் உயிர் ஒன்றே. இரண்டிலும் தோற்பவர் பெரியவர். தோற்றவர் சினம் கொள்ளவில்லை. தோல்வியைப் பரிசுபோல் ஏற்று மகிழ்கின்றார்.

இத்தகைய தோல்வியைத் தாங்கும் ஓய்வு பெற்றோர்க்கு எளிதில் வாய்ப்பதில்லை. பிள்ளைக்குச் சோறூட்டல், பள்ளிக்கு அனுப்பல், கடன் அடைத்தல், நாற்று நடும் பருவம் தவறாமல் ஆள் சேர்த்தல் எனப் பல கவலைகள் அவர்களைச் சூழ்ந்திருக்கின்றன. பிள்ளையைத் திருத்தும் கடமையும் அவர்களுடையதே. பாட்டனுக்கும் பாட்டிக்கும் அக்கடமை முடிந்துவிட்டது. முதலைக் காட்டிலும் வட்டியே இனிது என்று முதியோர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. மகனை ஒரு சொல் மிகையாகப் பேச விடாத அதே தந்தை, மகனின் மகன் தம் மூக்குக்கண்ணாடியை எடுத்து நாய்க்குட்டிக்கு மாட்டினாலும் சிரித்துக்கொண்டே இருப்பார். "என்னை இப்படியா வளர்த்தீர்கள், அப்பா?" என்று மகன் கேட்டால் அவரிடம் விடை இராது.

காவிரிக் கரையில் முற்காலத்துப் பிற்பகல் ஒன்றை எண்ணிப் பாருங்கள். பல் இழந்த பாட்டிக்கு வெற்றிலையை மெல்ல இயலாது. ஆகவே வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பும் சேர்த்து இடிப்பதற்கென்று ஒரு சிற்றுரல் வீட்டில் இருக்கும். இடிக்கும் பொறுப்பு பெயர்த்தியுடையது. தஞ்சைப் பகுதியில் தந்தையைப் பெற்றவளை அப்பாயி என்றும், தாயைப் பெற்றவளை அம்மாயி என்றும் அழைக்கும் குடும்பங்கள் பல உண்டு. "அப்பாயி, கதை சொன்னால்தான் இடிப்பேன்" என்பாள் சிறுமி. கதை தொடங்கும், உலக்கை விழும். கதை சற்று நின்றால் உலக்கையும் நின்றுவிடும். பிள்ளைகள் ஓயாது கதை கேட்டு நச்சரிக்கும் நாள்களில் பாட்டியிடம் ஒரு படைக்கலம் உண்டு. அஃதே முடிவில்லாக் கதை. ஓர் ஊரில் பெரிய நெற்குதிர் ஒன்று இருந்ததாம். அதில் சிறு ஓட்டை ஒன்று இருந்ததாம். ஒரு குருவி வந்து ஒரு நெல்லை எடுத்துக்கொண்டு பறந்ததாம். "பிறகு?" என்பாள் சிறுமி. இன்னொரு குருவி வந்து இன்னொரு நெல்லை எடுத்துக்கொண்டு பறந்ததாம். "பிறகு?" இன்னொரு குருவி. நெல் விளையும் நாட்டில் குதிர் எளிதில் காலியாகுமா? குருவிகள் வந்துகொண்டே இருக்கும்; பிள்ளைகள் உறங்கிப் போவர்.

இனிச் சுவாமிமலைப் படிகளுக்கு வருவோம். கட்டுமலையின் மேல்தளத்தை அடைய அறுபது படிகள் ஏற வேண்டும். பிரபவ முதல் அட்சய ஈறாக உள்ள அறுபது ஆண்டுகளின் பெயர்களை இப்படிகள் தாங்குகின்றன. ஆண்டுகளை ஏன் அறுபதாக வகுத்தனர்? வானத்தில் வியாழன் ஞாயிற்றை ஒருமுறை சுற்றி வர ஏறத்தாழ 12 ஆண்டுகள் ஆகின்றன. சனிக்கோள் சுற்றி வர ஏறத்தாழ 30 ஆண்டுகள் ஆகின்றன. 12, 30 ஆகிய இரண்டுக்கும் மீச்சிறு பொது மடங்கு 60. ஆகவே ஒருவர் பிறந்தபோது இவ்விரு கோள்களும் வானில் எங்கெங்கு நின்றனவோ, அறுபது ஆண்டு நிறையும்போது ஏறக்குறைய அங்கங்கேயே மீண்டும் வந்து நிற்கும். கும்பகோணத்தார் இதனை விரல் விட்டு எண்ணிச் சொல்லிவிடுவர். வியாழன் சிம்ம ராசியில் இருக்கும் மாசி மகத்தில் அவ்வூரில் மகாமகம் நடைபெறும். 1968, 1980, 1992, 2004, 2016 எனப் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை அது வருகிறது. ஒரு மகாமகத்தின்போது பிறந்தவர் அதற்குப் பின் ஐந்தாம் மகாமகம் காணும்போது அறுபது வயதை எய்திவிடுவார்.

இவ்வாறு பிறந்த ஆண்டின் பெயரே திரும்பி வரும் நாளைத் தமிழர் விழாவாகக் கொண்டாடுகின்றனர். 1965-ஆம் ஆண்டு சித்திரையில் பிறந்த விசுவாவசு, 2025-ஆம் ஆண்டு சித்திரையில் மீண்டும் வந்தது. அவ்வாண்டில் எத்தனையோ பாட்டனார் மறுபடியும் மாப்பிள்ளையாயினர். இவ்விழாவை வடமொழியில் சஷ்டியப்த பூர்த்தி என்பர். தமிழில் மணிவிழா என்பர். மக்கள் வழக்கில் அஃது அறுபதாம் கல்யாணம். பலர் இதற்காகத் திருக்கடையூர் செல்கின்றனர். மார்க்கண்டேயனுக்காகச் சிவபெருமான் காலனை உதைத்ததாகச் சொல்லப்படும் தலம் அஃது. வேறு பலர் தம் ஊர்க் கோயிலிலோ, இல்லத்திலோ இதனை நடத்துவர். எண்பதைக் கடந்தவர்க்குச் சதாபிஷேகம் உண்டு. ஆயிரம் பிறை கண்டவர் என்று அவரைப் போற்றுவர். ஒரு முழுநிலவுக்கும் அடுத்த முழுநிலவுக்கும் இடையே சராசரி 29.53 நாள்கள். அதனை ஆயிரத்தால் பெருக்கி ஆண்டாக்கினால் ஏறத்தாழ எண்பது ஆண்டும் பத்து மாதமும் வரும். இக்கணக்கை மாணவர் தாமே செய்து பார்க்கலாம்.

மற்றத் திருமணங்களுக்கும் அறுபதாம் கல்யாணத்திற்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. மற்றத் திருமணத்தில் மணமக்களுக்கு மூத்தோர் வாழ்த்துக் கூறுவர். இதிலோ மணமக்களின் பிள்ளைகளும் பெயரப் பிள்ளைகளும் சூழ நின்று நடத்தி வைக்கின்றனர். மந்திரம் ஓதப்பெற்ற கலச நீரை மக்களும் மருமக்களும் பெற்றோரின் தலையில் ஊற்றுவர். நனைந்து நடுங்கும் பாட்டனாரைக் கண்டு, "தாத்தாவுக்கு எல்லாரும் சேர்ந்து குளிப்பாட்டுகிறார்கள்" என்று சின்னஞ்சிறு பெயர்த்தி கைகொட்டுவாள். நேற்றுவரை அவளைக் குளிக்க வைக்க ஓடித் திரிந்தவர் அவரல்லரோ! பின்னர்ப் பாட்டிக்குப் புதுத்தாலி அணிவிக்கப்படும். முடிச்சிடக் கை நடுங்கினால், "முதல் தடவையும் இப்படித்தான் நடுங்கினீர்களோ?" என்று மைத்துனர் கேட்பார். "அன்று பயத்தால் நடுங்கிற்று, இன்று வயதால் நடுங்குகிறது" என்று பாட்டனார் விடை சொல்வார். பாட்டி தலை கவிழ்வாள். வழக்கம் உள்ள குடும்பங்களில் மாலையில் நலங்கும் நடைபெறும். எதிரெதிரே அமர்ந்து தேங்காய் உருட்டலும், ஒருவர் தலைமேல் ஒருவர் அப்பளம் உடைத்தலும் புதுமணமக்களுக்கு உரிய விளையாட்டுக்கள். அவற்றை முதியோரிடம் ஆடச் சொல்லி உறவினர் வற்புறுத்துவர். நாற்பது ஆண்டு இல்லறத்தில் எத்தனையோ பொறுத்துக்கொண்ட பாட்டி, அப்பளம் உடைக்கும் வாய்ப்பை மட்டும் ஒருபோதும் நழுவ விடுவதில்லை.

அறுபதில் மனிதன் மீண்டும் பிறக்கின்றான் என்னும் எண்ணம் நமக்கு மட்டும் உரியதன்று. சப்பானிய நாட்டிலும் அறுபது ஆண்டுச் சுழற்சி உண்டு. அங்கே பத்துப் பெயர்களும் பன்னிரண்டு விலங்குப் பெயர்களும் இணைந்து சுழல்கின்றன. 10, 12 ஆகியவற்றின் மீச்சிறு பொது மடங்கும் 60 ஆதலின், அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே இணைப்புத் திரும்புகிறது. அறுபது நிறைந்தவருக்குச் சிவப்புத் தொப்பியும் கையில்லாச் சிவப்புச் சட்டையும் அணிவித்து வீட்டார் மகிழ்வர். குழந்தைகளுக்கு உடுத்தும் நிறமாகிய சிவப்பைத் தாத்தாவுக்கு உடுத்தி, அவர் மறுபடியும் குழந்தையானார் என்று காட்டுவது அதன் கருத்து. முதியோரைப் போற்றுவதற்கென ஒரு நாளை அந்நாடு 1966 முதல் பொது விடுமுறையாகக் கொண்டாடி வருகிறது. உலக நாடுகள் அவை அக்டோபர் முதல் நாளை முதியோர் நாளாக 1990-இல் அறிவித்தது.

இன்று மணிவிழாக்கள் ஆரவாரமாக நடைபெறுகின்றன. ஒளிப்படக் கலைஞர் சொல்லும் பக்கமெல்லாம் திரும்பித் திரும்பி மணமக்கள் கொலுப் பொம்மைபோல் அமர்ந்திருக்கின்றனர். பிள்ளைகள் குறுக்கே ஓடக் கூடாதென்று வெளியே அனுப்பப்படுகின்றனர். விருந்து முடிந்ததும் அனைவரும் வண்டி ஏறிவிடுகின்றனர். விழாவின் சாரம் மேடையில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. விருந்துக்குப் பின் கூடத்தில் பாய் விரித்து, அண்ணன் தம்பி அக்காள் தங்கை மக்கள் அனைவரும் பாட்டனைச் சுற்றிப் படுத்துக்கொண்டு பழங்கதை பேசும் அந்தப் பிற்பகலிலேதான் அது பெரிதும் தங்கியிருக்கிறது. அந்நாளில் வெளிப்படும் கதைகள் மற்ற நாள்களில் வெளிப்படா. ஒருவர் ஒன்றைத் தொடங்க, "அப்படி இல்லை" என்று மற்றவர் மறுக்க, பாட்டி இருவரையும் திருத்த, கூடம் சிரிப்பால் நிறையும்.

காவிரிப் படுகையின் ஊர்களில் இன்று பெரிய வீடுகள் பலவற்றில் இரு முதியோர் மட்டுமே வாழ்கின்றனர். மக்கள் சென்னையிலும், பெங்களூரிலும், சிங்கப்பூரிலும், கடல் கடந்த பிற நாடுகளிலும் பணி செய்கின்றனர். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்திய நாட்டில் அறுபது வயதைக் கடந்தோர் ஏறத்தாழ 10 கோடியே 40 இலட்சம் பேர். பெற்றோரையும் மூத்தோரையும் பேணுவதற்காக நடுவண் அரசு 2007-இல் ஒரு சட்டம் இயற்றிற்று. அச்சட்டத்தில் 'மக்கள்' என்னும் சொல் மகன், மகளோடு வயது வந்த பெயரன், பெயர்த்தியையும் குறிக்கிறது. உணவுக்கும் உறையுளுக்கும் சட்டம் வழி செய்யலாம். வெற்றிலை இடித்துக்கொண்டே கதை கேட்கும் ஆளைச் சட்டத்தால் அனுப்ப இயலாதே! தொலைவில் உள்ள பிள்ளைகள் கைபேசியில் முகம் பார்த்துப் பேசுகின்றனர். பாட்டனார் அக்கருவியைக் காதோடு அணைத்துப் பிடித்துக்கொள்ள, அயல்நாட்டில் உள்ள பெயரனுக்கு அவருடைய காது மட்டும் பெரிதாகத் தெரியும். "தாத்தா, கொஞ்சம் தள்ளிப் பிடியுங்கள்" என்று அவன் கற்பிக்க, அவர் பணிவோடு கேட்டுக்கொள்வார். தகப்பன்சாமிகள் இக்காலத்திலும் பிறந்துகொண்டுதான் இருக்கின்றனர்.

சுவாமிமலைப் பெருமானின் பெயரால் உலகறிந்த பெரியார் ஒருவரை இங்கே நினைக்க வேண்டும். அந்நாளைய தஞ்சை மாவட்டத்து உத்தமதானபுரத்தைச் சேர்ந்த டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1855-இல் பிறந்தார். வேங்கடராமன் என்பது அவருக்கு இட்ட பெயர். சாமிநாதன் என்பது வீட்டார் அழைத்த பெயர். அழைத்த பெயரே நிலைத்தது. பழந்தமிழ் ஏடுகளைத் தேடிப் பதிப்பித்த அவருடைய எண்பதாம் ஆண்டு நிறைவு விழா 1935-இல் சென்னைப் பல்கலைக்கழக மண்டபத்தில் சிறப்பாக நடைபெற்றது. அதன் பின்னரே, 1940-இல், 'என் சரித்திரம்' என்னும் தம் வரலாற்றை ஆனந்த விகடன் இதழில் தொடர்ந்து எழுதத் தொடங்கினார். தம் ஊர் தோன்றிய கதையோடு அந்நூலைத் தொடங்குகிறார். தஞ்சை மன்னர் ஒருவர் ஏகாதசி நோன்பை மறந்து வெற்றிலை தின்றுவிட்டாராம். அப்பிழைக்குக் கழுவாயாக வழங்கிய உத்தமமான தானமே உத்தமதானபுரம் ஆயிற்றாம். பாட்டன்மார் வாய்மொழியாகப் பெயரன்மாருக்கு வந்த கதைகளுள் இதுவும் ஒன்றன்றோ? அந்நூலில் பாட்டனாரும், பாட்டிமாரும், சிற்றூர்த் திண்ணைகளும், அக்கால உணவும் உடையும் உயிரோடு உலவுகின்றன. ஆனால் 1899-ஆம் ஆண்டு நிகழ்ச்சிகளோடு நூல் நின்றுவிட்டது. 1942-ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில் ஆசிரியர் மறைந்தார். எஞ்சிய நாற்பது ஆண்டுக்கு மேற்பட்ட வாழ்வை அவர் வாய்மொழியாகக் கேட்கும் பேறு நமக்குக் கிட்டவில்லை. பத்தாண்டுகள் முன்னரே அவர் எழுதத் தொடங்கியிருந்தால், அக்கதையும் முழுமையாக நம் கைக்கு வந்திருக்கும்.

நம் வீட்டுப் பாட்டியர் நூல் எழுதுவதில்லை. அவர்கள் நினைவைத் திறப்பதற்குச் சுவாமிமலைப் படிகளே நல்ல திறவுகோல். பிரபவ முதலாக எண்ணி ஏறிவரும் சிறுவன் இருபத்தாறாம் படியில் 'நந்தன' என்று உரக்கக் கூவினால், எண்பதைக் கடந்த எவரும் சற்று நிற்பர். அது 1952, கார்த்திகையில் புயல் வந்து தஞ்சை மாவட்டத்தை அலைக்கழித்த ஆண்டு. மேலும் ஏறினால் ஐம்பத்தோராம் படி 'பிங்கள'. அது 1977. அவ்வாண்டு நவம்பர்த் திங்களில் நாகப்பட்டினத்தை ஒட்டிக் கரை கடந்த புயல் எத்தனையோ வீடுகளின் கூரையைப் பெயர்த்தது. அந்தப் படியில் பாட்டி கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நிற்கின்றாள். "ஏன் நின்றுவிட்டீர்கள், அப்பாயி? மூச்சு வாங்குகிறதா?" என்று கேட்கிறான் பெயரன். "மூச்சா? எனக்கா? அந்தப் புயலன்று உன் அப்பனை நெற்குதிருக்குள் இறக்கி வைத்துக் காப்பாற்றியது நினைவுக்கு வந்தது, அதனால் நின்றேன்" என்கிறாள் பாட்டி. இன்னும் ஒன்பது படிகள் எஞ்சியிருக்கின்றன. "அப்பாவைக் குதிருக்குள்ளா?" என்று சிரித்துக்கொண்டே பெயரன் மேலே ஏறாமல் அங்கேயே உட்கார்ந்துவிடுகிறான்.